தஞ்சாவூர் வேலைவாய்ப்பு முகாமில் பார்த்த தம்பிக்கு

உங்கள் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன் தம்பி, அதனால் இங்கே எழுதுகிறேன். ஒலிபெருக்கிச் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு நின்ற பையனின் அம்மா நான். மகனுக்கு ஆட்டிசம். கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் பயிற்சி முடித்தவன். எக்செல் பட்டியலில் ஒரு எண் இடம் மாறியிருந்தாலும் அவன் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் பேச்சே வராது.

நீங்கள் அவனை மரத்தடிக்கு அழைத்துப் போனீர்கள். என்னிடம் கேட்காமல் அவனிடமே, "உனக்கு என்ன வேலை பிடிக்கும்?" என்று கேட்டு, பதில் வரும்வரை பொறுமையாக நின்றீர்கள். அப்படி யாரும் நின்று நான் பார்த்ததில்லை.

அப்புறம்தான் விவரம் சொன்னீர்கள். நேர்காணலுக்குப் பதில் வேலையைச் செய்துகாட்ட வாய்ப்பு கேட்கலாம், கேள்விகளை எழுத்தில் தரச் சொல்லலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. அரசு வேலையின் 4 சதவீத இடஒதுக்கீட்டிலும் அது வரும். சான்றிதழுக்காக இத்தனை வருடம் அலைந்தும் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இப்போது பாபநாசம் பக்கம் ஒரு அரிசி ஆலையில் கணக்குப் பதிவு செய்கிறான். நீங்கள் சொன்னபடியே கேட்டோம், முதலாளியும் சரி என்றார். அன்றைய வேலையைக் காலையில் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்துவிடுகிறார். மில் சத்தத்துக்கு ஹெட்போன்.

ரொம்ப நன்றி தம்பி. இதைப் பார்த்தால் ஒரு வரி எழுதுங்கள், முதல் சம்பளம் வாங்கியதை அவனே உங்களிடம் சொல்ல வேண்டுமாம்.