கமலாவுக்கு: கொப்பியை எடுத்து வை, சிரட்டையைக் கொடு

அன்புள்ள கமலா,

நல்லூர்த் திருவிழாவுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. கோபமாய் இருப்பாய், நியாயம்தான். இங்கே எல்லாரும் சுகம். சின்னவளின் கலியாண எழுத்து தை மாதம், நாள் சரிவந்ததும் சொல்லுகிறேன். ராணி ரீச்சரைத் திருநெல்வேலிச் சந்தையில் கண்டேன், இன்னமும் அதே கறுத்தக் குடைதான்.

நேற்று நீ அனுப்பிய குரல்பதிவை இரண்டு தரம் கேட்டேன். ஏடு தொடக்கி மூன்று கிழமை ஆகவில்லை, அதற்குள் பேரனுக்குப் பின்னேரம் ஒரு மணித்தியாலம் புள்ளிக்கோட்டுக் கொப்பி. அவன் பென்சிலை எறிகிறானாம். "எந்த நேரமும் மணலுக்குள்ளதான் கிடக்கிறான், இவனுக்குப் படிப்பு ஏறாது" என்கிறாய். மூன்றரை வயதுப் பிள்ளையைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லலாமா, எடி? மணலுக்குள் அவன் செய்வதுதான் இப்போதைக்கு அவனுடைய படிப்பு.

'அ'னாவை நீயே ஒருக்கால் மெதுவாக எழுதிப் பார். சுழித்து, வளைத்து, திரும்பிக் குறுக்கே இழுத்து, கடைசியில் நேராக ஒரு கோடு. பிள்ளையின் கைக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. இரண்டு வயதளவில் நிமிர்ந்த கோடு, மூன்றில் வட்டம், நான்கில் சிலுவைக்கோடு, நாலரை ஐந்தில்தான் சதுரம். முக்கோணம் அதற்கும் பிந்தி. மூலை வந்ததும் கையை நிறுத்தித் திருப்புவது அவ்வளவு பாடு. மூலை திருப்பக் கை பழகி எழுத்துக்கு வரும்போது 'ட', 'ப' என்று நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்கு. அகரவரிசை பாடுவதற்கு, கை அந்த வரிசையில் பழகாது.

ஏடு தொடக்கும்போது ஐயர் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில்தானே எழுதுவித்தார்? பென்சில் கொடுக்கவில்லையே. திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் மணலில்தான் எழுதினார்கள். 1907இல் ரோமில் சின்னப் பிள்ளைகளுக்கு இல்லம் திறந்த மொண்டிசோரி அம்மையாரும் அரத்தாளில் எழுத்து வெட்டி, பிள்ளைகளை விரலால் தடவ வைத்தார். முதலில் விரல், பிறகுதான் பென்சில். நீங்களோ ஏடு தொடக்கிய அடுத்த நாளே அரிசியைச் சட்டிக்குள் கொட்டிவிட்டீர்கள்.

தேத்தண்ணித் தட்டம் ஒன்றில் அரித்த காய்ந்த மணலை ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பரப்பு. கூடினால் கோடு இடிந்து மூடும், குறைந்தால் விரல் தட்டத்தில் உரசும். உங்கள் தென்மராட்சி மணல் இதற்கு நல்லது. எங்கள் கோண்டாவில் செம்மண் விரலில் அப்பிக்கொள்ளும். எழுத்தே வேண்டாம், பாம்பு, மழை, முட்டை என்று கீறட்டும். தட்டத்தை ஆட்டினால் அழிந்துவிடும், பிழை என்ற பயமே வராது. வெயில் நாளில் வாளியில் தண்ணீரும் பெயின்ற் அடிக்கிற பழைய பிறசும் கொடுத்து மதிலில் கீறவிடு. நிமிர்ந்த சுவரில் கீறினால் மணிக்கட்டு சரியாக மேலே வளையும். சோக்கை ஓர் அங்குலத் துண்டாக முறித்துக் கொடு. நீளச் சோக்கைப் பிள்ளை முட்டியால் பொத்திப் பிடிப்பான். துண்டென்றால் விரல் நுனியால்தான் பிடிக்க முடியும்.

கைக்குப் பலம் வரப் பிசைந்து விளையாட மா. இரண்டு கப் கோதுமை மா, ஒரு கப் உப்பு, ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய், கொஞ்சம் மஞ்சள். தண்ணீர் முக்கால் கப், ஒரேயடியாக ஊற்றாதே. ஒட்டினால் மா தூவு, வெடித்தால் கையை நனைத்துப் பிசை. மாரிக் குளிரில் உப்பு ஈரத்தை இழுத்து மாவைக் களியாக்கும், அதனால் இறுக்கமான மூடி போட்ட பேணியில் வை. மணம் மாறினால் எறி. உப்புக் கூட என்றபடியால் தின்னவும் விடாதே. அதை இடியப்ப உரலில் போட்டு அவனே அமத்திப் பிழியட்டும். ஒரு பக்கம் கொப்பி எழுதுவதைவிட அது விரலுக்குப் பெரிய வேலை.

கணக்கைப் பற்றியும் கேட்டிருந்தாய். நூறு வரை சொல்லுகிறான் என்று சந்தோஷப்படுகிறாய். ஏழு புளியங்கொட்டையை எண்ணச் சொல்லி, முடிந்ததும் "எத்தனை?" என்று கேள். அவன் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. அதே ஏழையும் தள்ளித் தள்ளி நீளமாக அடுக்கினால் "இப்ப கூடக் கிடக்கு" என்பான். திருத்தாதே, அந்த வயதுக்கு அது சரி. மணல்சோறு ஆக்கும்போது "மூன்று பேருக்கு மூன்று சிரட்டை வை" என்று சொல்லு, அது போதும். எட்டுச் சிரட்டை மணலுக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர் விட்டால் புட்டு உருவம் நிற்கும், கூடினால் ஒழுகும். அதை நீ சொல்லிக் கொடுக்காதே. ஒழுகட்டும், அவனே பார்த்துக் குறைப்பான். "இது என்ன நிறம், அது எத்தனை" என்று சோதனை வைத்தாயோ, எழும்பி ஓடிவிடுவான்.

கமலா, இதைமட்டும் விளையாட்டாய் எடுக்காதே. குன்றிமணி வளவில் கிடந்தால் பொறுக்கி எறி, அது நஞ்சு. பயறு, கடலையோடு பிள்ளையைத் தனியே விடாதே. மூக்குக்குள் போட்டால் ஈரத்தில் ஊதிவிடும், பிறகு ஆஸ்பத்திரிதான். தவழுகிற உன் சின்னப் பேத்திக்குப் பனங்கொட்டை ஊமலும் முழுச் சிரட்டையும் போதும். தண்ணீர் வாளியை விளையாடி முடித்ததும் கவிழ்த்து வை, இரண்டங்குலத் தண்ணீரும் ஆபத்து. கிணற்றுக்கு வலை போடுவதாகப் போன வருடமே சொன்னாய், போட்டாயா?

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். மழைக்கு முன்னம் ஒரு உரப்பை மணலை எடுத்து விறாந்தை மூலையில் வை, பூனை போகாமல் சாக்கால் மூடு. மாம்பழக் காலம் இல்லை என்று தெரியும், மோர்மிளகாயாவது கட்டி வை.

அன்புடன்,
சிவா