வி.ஆர். விளையாட்டு அணி பற்றிப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் உருவாக்கிவரும் வி.ஆர். (மெய்நிகர் உலகத்துக்குள் நாமே இருப்பதுபோல் காட்டும்) விளையாட்டைப் பற்றிப் பலர் விசாரித்திருந்தீர்கள். அதிகம் வந்த கேள்வி: "கோடிங்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் இருக்கும்போது, அந்தப் பெண்ணை ஏன் அணித்தலைவி ஆக்கினீர்கள்?"

யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் சி ஷார்ப் மொழியில் நிரல் எழுதுபவர், பிளெண்டர் என்ற மென்பொருளில் முப்பரிமாண உருவங்கள் செய்பவர், ஒலி சேர்ப்பவர் என்று அணியில் ஆளுக்கொரு வேலை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே அருமை. ஒன்றாகச் சேர்க்கும்போதுதான் வம்பு. கண்களுக்கு முன் திரை வரும்படி தலையில் மாட்டும் ஹெட்செட்டில் படம் வினாடிக்கு 72 அல்லது 90 முறை மாற வேண்டும், அதுவும் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக. உருவங்களில் நுணுக்கம் கூடக்கூட இந்த வேகம் குறையும். போட்டிருப்பவருக்குத் தலை சுற்றும். ஒரு மாணவன் ஆசை ஆசையாகச் செய்த மரத்தில் பாதி இலைகளை எடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அணித்தலைவி வாதாடவில்லை. ஹெட்செட்டை அவன் தலையிலேயே மாட்டிவிட்டாள். கழற்றியதும் அவனே இலைகளைக் குறைக்க உட்கார்ந்துவிட்டான்.

நடந்து செல்லும் காட்சியை நீக்கியது இன்னும் கடினமான முடிவு. கண் 'நகர்கிறோம்' என்கிறது, உள்காதோ 'நிற்கிறோம்' என்கிறது. குமட்டல் அங்கேதான் தொடங்குகிறது. அதனால் இப்போது ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டினால் அங்கே தாவிவிடலாம். பழைய நிரலை எழுதியவனுக்கு வருத்தம்தான். இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் தாவும் முறையையும் அவனிடமே கொடுத்தாள். இதெல்லாம் கோடிங் மதிப்பெண்ணில் தெரியாது.

விளையாட்டைச் சோதித்துக் கோளாறு கண்டுபிடிக்கும் தன் மகனைப் பற்றி, "சோதனை என்ற பேரில் விளையாடிக்கொண்டிருக்கிறான்" என்று ஓர் அப்பா எழுதியிருந்தார். சரி, விளையாடத்தான் செய்கிறான். ஆனால் எந்த இடத்தில், என்ன செய்தபோது கோளாறு வந்தது என்று ஒவ்வொன்றையும் எழுதிவைக்கிறான். வேறொருவர் அதே வரிசையில் செய்து பார்த்தாலும் அதே கோளாறு வர வேண்டும். இல்லாவிட்டால் குறிப்பு திரும்பிவிடும். பொறுமை வேண்டிய வேலை அது.

மாத இறுதியில் நீங்களும் வந்து விளையாடிப் பார்க்கலாம். தம்பி தங்கைகளை அழைத்து வந்தால் ஒரு விஷயம்: ஹெட்செட் தயாரிப்பாளர்கள் வயது வரம்பு வைத்திருக்கிறார்கள். மெட்டா குவெஸ்டுக்கு 10, பிளேஸ்டேஷன் வி.ஆருக்கு 12. நம் பள்ளியில் 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மாட்டிவிட மாட்டோம். வலிப்பு நோய் உள்ளவர்கள் முன்பே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்