வெஸ்ட்ஃபாலில் என்னை எழுப்பிய பூசாரிக்கு

2019-இல் வந்த வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற, பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் கேமை நான் ஆடத் தொடங்கியதே போன வருடம்தான். கானாடுகாத்தானில் அப்பத்தா வீடு, வளவில் ஆத்தங்குடிக் கல் தரையில் படுத்துக்கொண்டு லேப்டாப். ஆட்டத்தில் வரும் வெஸ்ட்ஃபால் என்ற பகுதியில் மூன்று கொள்ளையர்கள் சூழ்ந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. லேப்டாப் ஓடியது, மோடம் ஓடவில்லை.

திரும்ப உள்ளே போனால் பேயாகக் கல்லறையில் நிற்கிறேன். இந்த ஆட்டத்தில் செத்தால் பெரும்பாலும் உடல் கிடக்கும் இடம்வரை ஓடி உயிர் பெற வேண்டும். ஓட ஆரம்பிக்குமுன் திரையில் ஒரு கேள்வி: உங்களை ஒருவர் எழுப்புகிறார், சம்மதமா?

என் உடலருகே, பூசாரிப் பாத்திரத்தில் ஆடும் நீங்கள் நின்றிருந்தீர்கள். கொள்ளையர் மூவரும் பிணமாக. பதற்றத்தில் "ஐயோ, தேங்க்ஸ்" என்று தட்டினேன். "கரண்ட் கட்டா?" என்று தங்கிலீஷில் கேட்டீர்களே, சிரித்துவிட்டேன். அப்புறம் பொருளைக் கைமாற்றும் வர்த்தகச் சன்னல் திரையில் திறந்தது. நான்கு லினன் பைகள், ஒவ்வொன்றிலும் பொருள் வைக்க ஆறு இடம். உங்களுக்கு அவை ஒன்றுமில்லாத சாமான். எனக்கோ பை நிறைந்து பொருளை எறிந்துகொண்டிருந்த காலம். நான் காசு வைத்தேன், நீங்கள் சன்னலை மூடிவிட்டீர்கள்.

கிராஃபிக்ஸ் பழசு, கதையை யாரும் படிப்பதில்லை. ஆனாலும் இந்த ஆட்டத்தை விடமுடியாததற்குக் காரணம் அந்த இரண்டு நிமிடம்தான். தனியாக ஆடும் கேமில் கணினி இயக்கும் பூசாரி எழுப்புவான், அவனுக்கு அது வேலை. நீங்கள் போகிற வழியில் நின்றீர்கள்.

பெயரைக் குறித்து வைக்கவில்லை, மடத்தனம். இதைப் பார்த்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் தந்த பைகளில் ஒன்றை இன்னும் மாற்றவில்லை.