சாஃப்ட்னர் கழிவு நீர் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "அவர்களிடம் வாட்டர் சாஃப்ட்னர் (கடின நீரை மென்மையாக்கும் கருவி) வாங்கினால் தோட்டம் பட்டுப்போகும்" என்று எங்கள் கடையைப் பற்றிச் சில வாரங்களாக ஒரு பேச்சு சுற்றி வருகிறது. கூடவே காய்ந்த எலுமிச்சை மரத்தின் படம் ஒன்றும் வாட்ஸ்அப்பில் வலம் வருகிறது. உங்களில் சிலர் அதை எங்களுக்கே அனுப்பி, என்ன விஷயம் என்று கேட்டீர்கள். கேட்டதற்கு நன்றி. கேட்காமல் நம்பிவிட்டவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

அந்த வீட்டுக்கு நானே போனேன். மரத்தடி மண் ஓடு போல இறுகி, மேலே வெள்ளை பூத்திருந்தது. இலைகள் நுனியில் தொடங்கி ஓரமெல்லாம் கருகியிருந்தன. பாத்தி நடுவில் சாஃப்ட்னரின் கழிவு நீர் வரும் அரை அங்குல ஹோஸ் கிடந்தது; அதன் வாயிலும் அதே வெள்ளை. கருவியை மாட்டிய அன்று அந்த ஹோஸைக் குளியலறை வடிகாலில்தான் விட்டிருந்தோம். கருவி தன்னைக் கழுவிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் 200 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் சாக்கடைக்குப் போவதைப் பார்த்த வீட்டுக்காரர், செடிக்காவது பாயட்டும் என்று பிறகு மாற்றியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பார்வைக்குத் தெளிவாக இருக்கும் தண்ணீர் வீணாகப் போனால் யாருக்குத்தான் மனசு கேட்கும்?

மனதைச் சுட்டது வேறொன்று. "உப்பை எடுக்கத்தானே மெஷின்? அதுவே உப்பைக் கொட்டுகிறது என்றால் ஏமாற்று வேலைதானே?" என்று கேட்கிறார்கள். இத்தனை வருடம் தொழில் செய்துவிட்டு இந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடின நீரைப் பேச்சு வழக்கில் நாம் "உப்புத் தண்ணீர்" என்கிறோம். குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. வாளியில் வெள்ளையாகப் படிவதும், சோப்பை நுரைக்க விடாததும் நாம் சாப்பிடும் உப்பு அல்ல. அதற்குக் காரணம் கால்சியமும் மெக்னீசியமும். கருவிக்குள் இருக்கும் ரெசின் மணிகள் இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு, பதிலுக்கு சோடியத்தைத் தண்ணீரில் விடுகின்றன. இது ஒரு மாற்று வேலை. மணிகள் நிறைந்துவிட்டால் உப்புக் கரைசலைப் பாய்ச்சி, பிடித்து வைத்ததைக் கழற்றி வெளியே தள்ள வேண்டும். அதுதான் ரீஜெனரேஷன். 25 லிட்டர் ரெசின் உள்ள கருவிக்கு ஒரு தடவைக்குச் சுமார் 3 கிலோ உப்பு ஆகும். மூட்டை மூட்டையாகத் தொட்டியில் கொட்டுகிறோமே, அதில் இருக்கும் குளோரைடு முழுவதும் அந்த ஹோஸ் வழியாகத்தான் வெளியேறுகிறது. எந்தக் கம்பெனிக் கருவியானாலும் இப்படித்தான்.

ஆகவே அது செடிக்கு ஆகாது. சோடியம் சேர்ந்தால் களிமண்ணின் கட்டமைப்பு குலைந்துபோகும். மேலே ஊற்றும் நல்ல தண்ணீரும் கீழே இறங்காது. மழைநீர்க் குழியிலும் கிணற்றோரத்திலும் விடவே கூடாது. மண் குளோரைடை வடிகட்டித் தராது. அது நிலத்தடி நீரில் போய்ச் சேரும், நாமே அதை மறுபடி மோட்டார் போட்டு எடுப்போம். மொட்டைமாடியில் கருவி இருந்தால் பக்கத்தில் தெரியும் மழைநீர்க் குழாயில் சொருகிவிடத் தோன்றும். அந்தக் குழாய் கீழே எங்கே முடிகிறது என்று முதலில் பாருங்கள்.

சரி, எங்கேதான் விடுவது? கழிவுநீர் லைனில். குளியலறைத் தரை வடிகாலோ வாஷிங் மெஷின் கழிவு நீர்க் குழாயோ போதும். ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றிப் பாருங்கள்; தேங்காமல் போக வேண்டும். ஹோஸை வடிகாலுக்குள் நுழைத்து அடைத்துவிடாதீர்கள். ஹோஸ் நுனிக்கும் வடிகால் வாய்க்கும் நடுவே ஹோஸின் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது இடைவெளி வேண்டும், அதாவது அரை அங்குல ஹோஸுக்கு ஒரு அங்குலம். இல்லையென்றால் சாக்கடை அடைத்துக்கொள்ளும் நாளில் அழுக்கு நீர் கருவிக்குள் உறிஞ்சப்படலாம். அழுத்தத்தோடு வருவதால் ஹோஸ் துள்ளும், அதனால் கிளாம்ப் போட்டுக் கட்டுவது அவசியம். ரொம்ப நீளமாகவோ உயரமாகவோ கொண்டுபோனால் தண்ணீரின் வேகம் குறைந்து, ரெசின் சரியாகக் கழுவப்படாது. அப்புறம், உப்புத் தொட்டியில் பக்கவாட்டில் இருக்கும் ஓவர்ஃப்ளோ குழாயை இந்த ஹோஸோடு "டீ" (T வடிவ இணைப்பு) போட்டு இணைக்காதீர்கள். அதில் அழுத்தம் கிடையாது, தானாக வழிந்து இறங்கும் குழாய் அது. இணைத்தால் கழிவு நீர் தொட்டிக்குள்ளேயே திரும்பிவிடும்.

இதையெல்லாம் கருவி வைக்கும் முன்பே பார்த்து, "வடிகால் இல்லாத இடத்தில் வைக்க மாட்டேன்" என்று உங்களோடு வாதாடியே நல்ல இடம் பிடித்துக் கொடுத்த எங்கள் மூத்த ஃபிட்டர் சில மாதங்களுக்கு முன் விலகிவிட்டார். புதியவர்கள் பழகிக்கொண்டிருக்கிறார்கள். இடையில் ஓரிரு வீடுகளில் எங்கள் ஆட்களே ஹோஸைத் தோட்டப் பக்கம் விட்டிருக்கிறார்கள். சொன்னால் வந்து மாற்றிக் கொடுப்போம், கூடுதல் குழாய்ச் செலவு மட்டும் உங்களுடையது. இனி போடும் ஒவ்வொரு கருவிக்கும் வடிகால் இடத்தைப் பில்லிலேயே எழுதித் தருகிறோம்.

அந்த எலுமிச்சைக்கு வெள்ளை பூத்த மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஜிப்சம் போட்டு, சாஃப்ட்னருக்கு முன்னால் உள்ள குழாயிலிருந்து நிறையத் தண்ணீர் விடச் சொல்லியிருக்கிறோம். அடுத்த மாதம் மறுபடி போய்ப் பார்ப்பேன்.

பேச்சு கிளம்பிய பிறகும் உப்பு வாங்க எங்களிடமே வந்தவர்களையும், அக்கம்பக்கத்தில் எங்களுக்காகப் பேசியவர்களையும் மறக்க மாட்டோம். உங்களால்தான் இந்தக் கடை நிற்கிறது. இன்றைக்கு ஒரு தடவை உங்கள் வீட்டு ஹோஸின் நுனி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், நானே பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
கடை உரிமையாளர்