‘தற்காலிகம்’ என்றால் எத்தனை ஆண்டு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் குடியேறிகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வந்தவர்கள் மொழியைக் கற்பதில்லை, தங்களுக்குள்ளேயே கூடி வாழ்கிறார்கள், வந்த இடத்தோடு ஒட்டுவதில்லை என்பது கட்டுரையாளரின் குறை. நடக்காததை அவர் எழுதவில்லை. சொல்லப்போனால், பதினோரு ஆண்டுகள் நானே அப்படி ஒட்டாமல் வாழ்ந்தவன். ஆனால் அவர் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. எத்தனை நாள் இருக்கலாம் என்று வந்தவர்களிடம் என்ன சொல்லியிருந்தார்கள்?

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் அகதி அல்ல. வேலை நியமனக் கடிதத்தோடு விமானம் ஏறி ஒரு நாட்டுக்குப் போனவன். அங்கே தந்த அனுமதி அட்டைக்கு ஆயுள் ஒரு வருடம். வருடா வருடம் வரிசையில் நின்று புதுப்பிக்க வேண்டும். மறுத்துவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பதினோரு வருடமும் என் அறைச் சுவரில் நான் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. அம்மா அப்பா படம் பெட்டிக்குள் துணி சுற்றியே கிடந்தது. மாலை நேர மொழி வகுப்பு ஒன்று பக்கத்திலேயே இருந்தது, இரண்டு வருடப் படிப்பு. அடுத்த வருடம் இருப்போமா என்று தெரியாதவன் இரண்டு வருடப் படிப்பில் எதை நம்பிச் சேர்வான்? சரி, இந்த முறை புதுப்பித்துத் தரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று ஒவ்வொரு வருடமும் நினைத்தேன். கடையில் பொருள் கேட்கும் அளவுக்கு மொழி வந்தது, அவ்வளவுதான். எதிர் வீட்டுக்காரர் பெயர் கடைசி வரை தெரியாது. அவருக்கும் என் பெயர் தெரியாது. நாளைக்கே போகப்போகிறவனிடம் யார் பெயர் கேட்பார்கள்?

சம்பளத்தோடு போன எனக்கே இந்தக் கதி. இதையே ஒரு நாடு லட்சக்கணக்கானவர்களுக்குச் செய்து பார்த்தது. மேற்கு ஜெர்மனி 1955-ல் இத்தாலியோடும் 1961-ல் துருக்கியோடும் ஒப்பந்தம் போட்டுத் தொழிலாளர்களை வரவழைத்தது. அவர்களுக்கு வைத்த பெயர் ‘விருந்தினர் தொழிலாளி’. விருந்தினர் என்றால் போய்விடுவார் என்று பொருள். துருக்கியிலிருந்து வந்தவர்களுக்கு முதலில் வைத்த கெடு இரண்டு வருடம்; அவர்கள் போக, அடுத்த ஆட்கள் வர வேண்டும் என்பது கணக்கு. வேலை பழகியவனை அனுப்பிவிட்டுப் புது ஆளுக்கு மறுபடி சொல்லித்தர முதலாளிகளுக்கு விருப்பமில்லை. 1964-ல் அந்தக் கெடு போயிற்று. அதே ஆண்டு, பத்து லட்சமாவது ஆளாக வந்து இறங்கிய போர்ச்சுகல் தச்சர் ஒருவருக்கு ரயில் நிலையத்தில் பூங்கொத்தும் ஒரு மொபெட்டும் கொடுத்து வரவேற்றார்கள். மொபெட் கொடுத்தவர்களுக்கு மொழி வகுப்பு வைக்கத் தோன்றவில்லை. போகப்போகிறவருக்கு எதற்கு?

1973-ல் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். அதில் ஒரு வேடிக்கை. ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது என்று ஆனதும், போய் வந்துகொண்டிருந்தவர்கள் போவதையே நிறுத்திவிட்டு மனைவி மக்களை வரவழைத்துக்கொண்டார்கள். ஆளைக் குறைக்கப் போட்ட கதவு ஆட்களை உள்ளேயே நிறுத்திவிட்டது. அப்புறமும் அரசு விடவில்லை. 1983-ல் சட்டம் கொண்டுவந்து, திரும்பிப் போகிறவர்களுக்கு 10,500 மார்க் தருவதாகச் சொன்னது. சிலர் வாங்கிக்கொண்டு போனார்கள், பெரும்பாலானோர் போகவில்லை. சில பகுதிகளில் அவர்களுடைய பிள்ளைகளைத் தனி வகுப்பில் உட்காரவைத்துத் தாய்மொழியிலேயே பாடம் நடத்தினார்கள். பிள்ளைகளின் மொழி மேல் கொண்ட அன்பு மட்டும் அதற்குக் காரணமல்ல. திரும்பிப் போகும்போது தோதாக இருக்கட்டும் என்ற எண்ணமும் அதில் இருந்தது. அங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்பினாலேயே குடியுரிமை கிடைக்க வழி செய்த சட்டம் 2000-ல்தான் நடைமுறைக்கு வந்தது. மொழி கற்றுத்தரும் வகுப்புகளைச் சட்டப்படி நாடு முழுக்க நடத்தத் தொடங்கியது 2005-ல். துருக்கி ஒப்பந்தத்திலிருந்து எண்ணினால் 44 ஆண்டுகள். முதலில் வந்தவர் பேரன் பேத்தி எடுத்தபின் வகுப்பு திறக்கிறது! அதற்குப் பிறகு, "இவர்கள் ஏன் நம் மொழி பேசுவதில்லை?" என்று கேட்கிறோம்.

அகதிகள் விஷயத்தில் இது இன்னும் மோசம். அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையர் அலுவலகத்தையே மூன்று ஆண்டுகளுக்கு என்றுதான் தொடங்கினார்கள். 1951-ல் வேலையை ஆரம்பித்து 1953-ல் முடித்துக் கடையைக் கட்டிவிடலாம் என்று எண்ணம். அந்தக் காலக்கெடுவை அடியோடு எடுத்துவிட்டது 2003-ல்தான். அதுவரை ஐந்தைந்து வருடமாக நீட்டித்தார்கள். அட்டை புதுப்பிக்க வரிசையில் நின்ற என்னைப் போலத்தான் அந்த அலுவலகமும் என்று நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. கென்யாவில் டாடாப் முகாம்கள் 1991-ல் சோமாலியப் போருக்குத் தப்பி வந்தவர்களுக்காக எழுந்தவை. சுமார் 90,000 பேருக்கு என்று கட்டியது. ஒரு கட்டத்தில் அதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள். அங்கே பிறந்து, அங்கேயே மணமுடித்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் முகாமை விட்டு வெளியே போக முடியாது. அவர்களைப் பார்த்து "சமூகத்தோடு கலக்கவில்லை" என்று சொன்னால் எப்படி?

நான் வேலை பார்த்த ஊரில் ஒருநாள் மருத்துவமனையில் காத்திருந்தேன். கூட்டம், டாக்டர் நடைபாதையிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அடுத்து ஒரு பெண்மணி, பக்கத்தில் பத்து வயது மகள், தோளில் பள்ளிக்கூடப் பை. டாக்டர் ஒரு நிமிடத்துக்கு மேல் பேசினார். சிறுமி தலையாட்டிக் கேட்டுவிட்டு அம்மாவிடம் மூன்றே சொல் சொன்னாள். அவர்கள் மொழி எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒரு நிமிடப் பேச்சு மூன்று சொல்லில் அடங்காது என்பது தெரியும். அம்மா ஏதோ திருப்பிக் கேட்டார். சிறுமி டாக்டரிடம் அதைக் கேட்காமல் தானே பதில் சொன்னாள். டாக்டர் போனபின் அவள் பையின் வாரைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பேச்சுக் கொடுத்தபோது தெரிந்தது: அவர்கள் வந்து ஆறு வருடம் ஆகிறது. புகலிட விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. இலவச மொழி வகுப்பு, விண்ணப்பம் ஏற்கப்பட்டவர்களுக்கு மட்டும். அதனால் அம்மாவுக்கு வகுப்பு கிடையாது; மகளுக்கு மாதம் இரண்டு மூன்று நாள் பள்ளிக்கூடம் கிடையாது. அந்தப் பெண்மணி படிக்கச் சோம்பல்பட்டவர் இல்லை. ஆறு வருடமாக நாளைக்குத் தீர்ப்பு வரும் என்று உட்காரவைக்கப்பட்டவர்.

வந்தவர்களுக்குக் கடமையே இல்லை என்று பேசும் நல்ல மனதுக்காரர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. போன இடத்தின் மொழியைக் கற்கத்தான் வேண்டும், சட்டத்துக்குக் கட்டுப்படத்தான் வேண்டும். வீட்டுப் பெண்களை வகுப்புக்கு அனுப்ப மறுக்கும் ஆண்களைப் பண்பாடு என்று சொல்லி யாரும் தாங்கிப் பிடிக்க வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதிதாக ஆட்கள் வந்து இறங்கும்போது வகுப்பறை நெருக்கடியும் வாடகை உயர்வும் அங்கே ஏற்கெனவே குறைந்த கூலியில் இருப்பவர்கள் தலையில்தான் முதலில் விழுகின்றன. தோட்டம் வைத்த வீட்டிலிருந்து கொண்டு அவர்களுக்குப் பெருந்தன்மை பற்றி வகுப்பெடுப்பது நியாயமில்லை. கட்டுரையாளர் இந்தப் பக்கத்தை எழுதியது சரிதான்.

ஆனால் காலத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் எவ்வளவு மாறுகிறது பாருங்கள். கொலம்பியா 2021-ல் வெனிசுவேலா நாட்டவருக்குத் தந்ததும் பெயரளவில் தற்காலிகப் பாதுகாப்புதான். ஆனால் பத்து ஆண்டுகள், வேலை செய்யும் உரிமையோடு. பத்து வருடம் என்றால் மனிதன் கடை போடுவான், சீட்டுச் சேர்வான், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டு அடுத்த வகுப்பைப் பற்றி யோசிப்பான். 2022 மார்ச்சில் உக்ரேனியர்களுக்காக ஐரோப்பிய ஒன்றியம் எடுத்துப் பயன்படுத்திய விதியும் தற்காலிகப் பாதுகாப்பு விதியே. 2001-லேயே இயற்றி, அதுவரை ஒருமுறைகூடத் தொடாமல் வைத்திருந்தார்கள். அதன்படி வேலை, பள்ளி, மருத்துவம் மூன்றுக்கும் விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. செய்ய முடியும் என்று தெரிந்துவிட்டது. அதே கண்டத்தில் மற்ற நாட்டு அகதிகள் வேலை செய்ய மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிட்டது. இவர்கள் அவ்வளவு பேருக்கும் நிரந்தரக் குடியுரிமை கொடு என்று நான் கேட்கவில்லை. போகச் சொல்வதானால் சீக்கிரம் சொல்லுங்கள், இருக்கச் சொல்வதானால் அதையும் சீக்கிரம் சொல்லுங்கள். நடுவில் உட்காரவைத்துப் பத்து வருடம் தின்னாதீர்கள்.

கடைசியாக ஒரு திருத்தம். 1951 அகதிகள் உடன்படிக்கை அகதிகளுக்குக் குடியுரிமை கொடுத்தே ஆக வேண்டும் என்று நாடுகளைக் கட்டாயப்படுத்துவதாகக் கட்டுரையில் வந்திருக்கிறது. அப்படி இல்லை. அதன் 34-ஆம் பிரிவு, அகதிகள் ஒன்றிணைவதையும் குடியுரிமை பெறுவதையும் ‘இயன்றவரை’ எளிதாக்க வேண்டும் என்கிறது. நடைமுறையை விரைவுபடுத்த எல்லா முயற்சியும் செய்ய வேண்டும், கட்டணத்தையும் இயன்றவரை குறைக்க வேண்டும் என்கிறது. அடுத்த இதழில் இதைத் திருத்தி வெளியிட்டால் நல்லது. அந்த ‘விரைவு’ என்ற சொல்லையும் சேர்த்தே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
திரும்பி வந்த ஒரு வாசகர்