கையெழுத்துக்கு முன் பத்து நிமிஷம்

ஆசிரியருக்கு,

வணக்கம். என் தங்கச்சியின் மகள் நாலு மாதத்தில் பால் குடிக்கும்போது நெற்றியெல்லாம் வியர்த்து, ரெண்டு வாய் உறிஞ்சியதும் மூச்சு வாங்குவாள். பல்லு முளைக்கப் போகுது, அதுதான் என்றார் அம்மம்மா. கிளினிக் கார்ட்டில் நிறைக் கோடோ மேலே ஏறவேயில்லை. எக்கோ எடுத்துப் பார்த்து, இருதயத்தில் ஓட்டை என்று கொழும்புக்கு அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மச்சானின் தாயார், "பச்சைப்பிள்ளை, நெஞ்சைப் பிளக்கிறதோ? கொஞ்சம் வளரட்டும்" என்றார். காணியை ஈடு வைத்துத் தனியாரிடம் போவோம் என்றார் ஒருவர். பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைத்தோம். நானும்தான்.

இரவு ரயிலில் போய் இறங்கினோம். வார்ட்டில் நீட்டிய ஒப்பரேஷன் சம்மதப் படிவம் முழுக்கச் சிங்களம். அரைகுறைத் தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவர், "செய்தால் நல்லம், சிலவேளை செத்தும் போகலாம், சைன் பண்ணுங்க" என்றார். பாவம், அது அவருடைய வேலையும் இல்லை. மச்சான் கடலில், போன் எடுபடவில்லை. தங்கச்சி பேனையை வைத்துக்கொண்டு, "அண்ணா, என்ன செய்ய?" என்று என்னைப் பார்த்தாள். பலசரக்குக் கடை நடத்துகிற எனக்கு என்ன தெரியும்?

அன்றிரவு கடமைக்கு வந்த தமிழ் டொக்டர் ஒருவர் தாளில் இருதயத்தைக் கீறிக் காட்டினார். சின்ன ஓட்டைகள் பல தானாகவே மூடிவிடுமாம். இது பெரிது. நுரையீரலுக்கு அளவுக்கு மிஞ்சி இரத்தம் போகிறது. வருஷக்கணக்கில் விட்டால் அங்குள்ள இரத்தக்குழாய்கள் தடித்து இறுகிவிடும், பிறகு ஓட்டையை அடைக்கவே முடியாத நிலையும் வரலாம் என்றார். 'வளரட்டும்' என்பதற்குப் பதில் அதில் இருந்தது. பத்து நிமிஷம்தான் பேசினார். விடிய தங்கச்சி கையெழுத்துப் போட்டாள். பயம் போகவில்லை, ஆனால் எதற்குப் போடுகிறோம் என்று தெரிந்து போட்டாள். பிள்ளைக்கு இப்போது மூன்று வயது, ஓடினால் பிடிக்க ஆள் வேண்டும்.

தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தில் எழுதியாயிற்று. நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. கொழும்புக்கு அனுப்பும்போதே, திருகோணமலையில் வைத்தே யாராவது தமிழில் உட்கார்ந்து விளக்கட்டும். தமிழ்ப் படிவத்தின் பிரதியையும் அப்போதே தரட்டும். ரயிலில் வாசித்துக்கொண்டு போகலாம், மாமிமாருக்கும் போனில் சொல்லலாம். தமிழ் வார்ட்டில் நிற்கிற சிங்களத் தாய்க்கும் இதே பாடுதான், அவளுக்கும் அவளுடைய மொழியில் வேண்டும்.

போன மாதம் கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பதி கடைக்கு வந்தார்கள். அவர்கள் பிள்ளைக்கும் ஓட்டையாம். டொக்டர் கீறிய தாளைப் போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுத்தேன். "எங்கட பிள்ளைக்கும் இதேதானா?" என்று கேட்டார்கள். அதற்கு நான் என்ன சொல்ல?

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்,
உப்புவெளி, திருகோணமலை.