செய்தித்தாளில் வந்தது மட்டும் மிஞ்சினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க யூதர்கள் தங்கள் கரோனா கால அனுபவங்களைச் சேகரித்து வைப்பதைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதை யாராவது தொட்டார்களே என்று மகிழ்ச்சிதான். ஆனால் நடுவில் ஒரு வரி உறுத்தியது. நியூயார்க் பகுதி யூதர்கள் ஊரடங்கை மதிக்கவில்லை என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு, கட்டுரையாளர் அடுத்த பத்திக்குப் போய்விட்டார். நான் நியூயார்க்குக்கு ஹட்சன் ஆற்றின் இந்தப் பக்கம், நியூ ஜெர்சியின் டீனெக்கில் நெடுங்காலமாகக் குடியிருக்கிறவள். எங்கள் தெருவில் வைதிக யூதர் வீடுகள்தான் அதிகம். நூலகத்தில் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, பக்கத்து சினகாக்கில், அதாவது யூதத் தொழுகைக்கூடத்தில், நடக்கும் கரோனா காலச் சேகரிப்புக்குக் கைகொடுத்து வருகிறேன். அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2020 மார்ச் 12, வியாழக்கிழமை. எங்கள் பெர்கன் கவுன்ட்டியில் ரப்பிகள் எனப்படும் யூத மதகுருக்களின் மன்றம் ஓர் அறிவிப்பு விட்டது. எல்லா சினகாக்குகளும் மூடப்படும். வீட்டில்கூடப் பத்துப் பேர் கூடித் தொழக்கூடாது. துக்க வீட்டுக்கு நேரில் போகக்கூடாது. பிள்ளைகளை அடுத்த வீட்டுக்கு விளையாட அனுப்பக்கூடாது. அதற்கு இரண்டு நாள் கழித்து, 14ஆம் தேதி, டீனெக் மேயர் முகமது ஹமீதுத்தீன் ஊர் மக்கள் எல்லோரையும் வீட்டுக்குள்ளேயே இருக்கும்படி கேட்டுக்கொண்டார். மாநில ஆளுநர் வீட்டோடு இருக்கச் சொல்லி உத்தரவு போட்டது மார்ச் 21இல்தான். அரசாங்கத்துக்கு ஒன்பது நாள் முந்திக்கொண்டு, தங்கள் கதவுகளைத் தாங்களே சாத்திக்கொண்டவர்கள் இவர்கள்.

சாத்திக்கொள்வது அவர்களுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதையும் சொல்ல வேண்டும். வைதிக யூதருக்குத் தொழுகை தினம் மூன்று வேளை. முடிந்தவரை கூட்டாகத்தான் தொழ வேண்டும். கூட்டு என்றால் குறைந்தது பத்து ஆண்கள். அதற்கு மின்யான் என்று பெயர். தாயோ தகப்பனோ இறந்தால் மகன் பதினோரு மாதம் கடிஷ் என்ற பிரார்த்தனையைச் சொல்ல வேண்டும். மின்யான் கூடாவிட்டால் கடிஷ் இல்லை. அந்த மார்ச், ஏப்ரலில் எங்கள் வட்டாரத்தில் சாவு அதிகம். மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் அந்தப் பத்துப் பேரைக் கூட்ட முடியவில்லை.

இது எத்தனை செய்தித்தாளில் வந்தது? சிலவற்றில் வந்தது. நியூயார்க் நகரத்தின் புரூக்ளினில் நடந்ததோ எல்லாவற்றிலும் வந்தது. ஏப்ரல் 28 அன்று அங்கே வில்லியம்ஸ்பர்க்கில் ஹசிதிக் என்ற தீவிர வைதிகப் பிரிவைச் சேர்ந்த ஒரு ரப்பியின் இறுதி ஊர்வலத்தில் பெருங்கூட்டம் கூடியது. நகர மேயர் 'யூத சமூகத்துக்குச் சொல்கிறேன்' என்று ட்விட்டரில் எச்சரித்தார். அது உலகமெல்லாம் போயிற்று. அக்டோபரில் பரோ பார்க்கில் முகக்கவசத்தைக் கொளுத்தினார்கள்; அந்தப் படமும் போயிற்று. நவம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில், கத்தோலிக்க மறைமாவட்டமும் அகுதாத் இஸ்ரேல் என்ற யூத அமைப்பும் தொடுத்த வழக்குகளில், வழிபாட்டுக் கூட்டங்களுக்கு நியூயார்க் ஆளுநர் விதித்த கட்டுப்பாட்டைத் தடுத்து நிறுத்தியது. அதற்கான தாள்கள் என்றைக்கும் பத்திரமாக இருக்கும். நீதிமன்றத் தாளை யாரும் தொலைப்பதில்லை. இவையெல்லாம் நடந்தவைதான், மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் ஐம்பது வருடம் கழித்து எழுத உட்காருகிறவர் கையில் இவை மட்டும் இருந்தால், உங்கள் கட்டுரையாளர் எழுதிய வரியைத்தான் அவரும் எழுதுவார்.

1918 விஷக்காய்ச்சலில் இதுதான் நடந்தது. பிலடெல்பியாவிலும் கனடாவின் வின்னிபெக்கிலும் யூதர்கள் இடுகாட்டில் வைத்துக் கல்யாணம் நடத்தினார்கள். ஏழைப் பெண்ணுக்கும் ஏழைப் பையனுக்கும் ஊரே செலவு செய்து கல்லறைகளுக்கு நடுவில் மணம் முடித்தால் கொள்ளைநோய் விலகும் என்பது கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த நம்பிக்கை. நமக்கு அது தெரிவது பெரும்பாலும் அன்றைய பத்திரிகைச் செய்திகளால்தான். வேடிக்கை பார்க்கப் போன நிருபர் எழுதினார். அந்தப் பெண் என்ன நினைத்தாள்? தானே சம்மதித்து வந்தாளா, யாராவது தள்ளிவிட்டார்களா? அவள் வாயால் சொன்னது எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

அதனால்தான் இந்தச் சேகரிப்புகளுக்கு மதிப்பு. ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் ராய் ரோசன்ஸ்வைக் மையம், அமெரிக்க யூத அருங்காட்சியகங்களின் மன்றத்தோடு சேர்ந்து 'கலெக்டிங் தீஸ் டைம்ஸ்' என்ற இணையவாசலைத் திறந்தது. எங்கள் ஊர் வேலை அதைப்போலப் பெரிதல்ல. ஒரு மேசை, ஒரு ஸ்கேனர், நாலைந்து பேர். உங்கள் கட்டுரை முகக்கவசத்தையும் தடுப்பூசி அட்டையையும் பற்றியே பேசுகிறது. அவை எந்த வீட்டிலும் கிடைக்கும். எங்கள் பெட்டியில் இருப்பவை வேறு.

ஒரு தாள். மே மாத இறுதிவாக்கில், வெளியே கூடலாம் என்று கொஞ்சம் தளர்த்தியபோது ஒருவர் கையால் வரைந்தது. நாலு வீட்டுப் பின்கட்டுகளின் படம், நடுவில் வேலி, பத்துப் பெருக்கல் குறிகள். ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் ஒரு பெயரின் முதலெழுத்து, இன்னொரு குறியிலிருந்து எத்தனை அடி என்ற கணக்கு. ஒருவரை ஒருவர் கண்ணால் பார்க்க முடிந்தால்தான் மின்யான் சேரும் என்பதால், கேரேஜ் மறைக்கும் ஒரு குறியை அடித்துவிட்டு எலுமிச்சைச் செடித் தொட்டிக்கு நகர்த்தியிருக்கிறார். ஒரு மூலையில் மழை வந்தால் என்ன செய்வது என்று எழுதி, பதில் எழுதாமல் விட்டிருக்கிறார். அந்த நாட்களை ஒரு முகக்கவசம் இந்த அளவுக்குச் சொல்லுமா?

இன்னொன்று, அடுத்த வீட்டு அம்மாள் பேசிய ஒலிப்பதிவு. 80 வயதைத் தாண்டியவர், கணவர் இல்லை, பிள்ளைகள் சிகாகோவில். 2020 பாஸ்கா பண்டிகை ஏப்ரல் 8 இரவு தொடங்கியது. பண்டிகை தொடங்கிவிட்டால் கணினியைத் தொட மாட்டார். அதனால் சூரியன் மறைவதற்கு முன்பே பேரப்பிள்ளைகளைத் திரையில் பார்த்துவிட்டு மூடி வைத்தாராம். அந்த இரவு விருந்தில் 'இந்த ராத்திரி ஏன் மற்ற ராத்திரிகளிலிருந்து வேறுபட்டது' என்று வீட்டின் கடைக்குட்டி கேட்க வேண்டும். தனியாக இருப்பவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று தல்முத் என்ற யூதச் சட்ட நூலில் விதி இருக்கிறது. "வாழ்நாள் முழுக்க அந்த விதியைப் படித்திருக்கிறேன், எனக்காக எழுதியது என்று நினைத்ததில்லை" என்று அதில் சொல்கிறார். பிறகு கோழிச் சாறு உப்புக் கரித்ததைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுகிறார். அதை வெட்டிவிடலாமா என்று ஒருவர் கேட்டார். வெட்டக்கூடாது என்றேன்.

இடுகாட்டுப் பதிவுகளும் இருக்கின்றன. இறந்தவரைக் குளிப்பாட்டி வெள்ளை உடை உடுத்தும் சங்கத்தார், பல இடங்களில் அதைச் செய்ய முடியாமல், உடல் உறையின் மேலேயே அந்த உடையை வைத்து அனுப்பினார்கள். உறவினர்கள் காருக்குள் இருந்தபடியே பார்த்தார்கள். அதைச் செய்தவர்களில் ஒருவர் எங்களிடம் பேச ஒப்புக்கொண்டார், ஆனால் அவர் காலம் முடியும்வரை அந்தப் பதிவை யாரும் கேட்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. அப்படியே எழுதி வாங்கிக்கொண்டோம்.

உண்மையான தகராறு இங்கே அல்ல. வாட்ஸ்அப் குழுவில் வந்தவற்றை என்ன செய்வது என்பதில்தான். பத்துப் பேருக்கு மேல் கூடாது என்றிருந்த அந்தப் பின்கட்டு மின்யான் நடந்த நாட்களில் ஒருநாள், 'நேற்று பதினோரு பேர் நின்றார்கள்' என்று ஒருவர் எழுதிவிட்டார். அவ்வளவுதான். பதினோராவது ஆள் யார், யார் கூப்பிட்டது, ரப்பியிடம் சொல்லியாயிற்றா என்று இரவெல்லாம் செய்திகள். கடைசியில் தெரிந்தது, அவர் தாயைப் பறிகொடுத்துக் கடிஷ் சொல்ல இடம் தேடி நடந்து வந்த வெளித்தெருக்காரர். அதன் பிறகும் சண்டை ஓயவில்லை. விதி விதிதான் என்று பாதிப் பேர், நெஞ்சில் ஈரமில்லையா என்று பாதிப் பேர்.

இதைச் சேகரிப்பில் வைக்கக்கூடாது என்கிறார் எங்கள் சேகரிப்புக் குழுவில் ஒரு பெரியவர். பிறரைப் பற்றிக் குறை பேசுவது அவர்கள் மதத்தில் பெரும் பாவம். அச்சிட்டு வைத்தால் நிரந்தரப் பாவம் என்பது அவர் வாதம். லேசாகத் தள்ளக்கூடிய வாதமல்ல. அந்தச் செய்திகளை எழுதியவர்கள் இதே தெருவில்தான் இருக்கிறார்கள், வாரா வாரம் ஒருவருக்கொருவர் முகம் பார்க்கிறார்கள். ஆனாலும் வைக்க வேண்டும் என்பதே என் கட்சி. காய்கறி வாங்கிக் கொடுத்த தொண்டர் பட்டியலும், குணமானவர்கள் வரிசையில் நின்று பிளாஸ்மா கொடுத்த படமும் மட்டும் இருந்தால், அது ஆண்டுவிழா மலர். அப்படி ஒரு மலரை எதிர்காலத்தில் யாரும் நம்பப் போவதில்லை. பக்கத்திலேயே அந்தச் சண்டையும் இருந்தால்தான் தொண்டர் பட்டியலையும் நம்புவார்கள்.

இதற்கு முன்னோடி அவர்களிடமே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த வார்சா கெட்டோவில் 1940இலிருந்து வரலாற்றாசிரியர் இமானுவேல் ரிங்கெல்ப்ளூமும் தோழர்களும் ரகசியமாகச் சேகரித்தவை, தகரப்பெட்டிகளிலும் பால் கேன்களிலும் புதைக்கப்பட்டு, 1946இலும் 1950இலும் தோண்டி எடுக்கப்பட்டன. அவற்றில் டிராம் டிக்கெட்டும் மிட்டாய்த் தாளும் இருந்தன. யூதப் போலீஸார் தம் மக்களையே கசக்கிப் பிழிந்ததைப் பற்றிய குறிப்புகளும் இருந்தன. குழுவில் ஓர் இளைஞர் இதை எடுத்தபோது, அடுத்த வீட்டு அம்மாள் சட்டென்று மறித்தார்: "அதையும் இதையும் ஒரே மூச்சில் சொல்லாதே." அவர் கோபம் நியாயம்தான். துயரத்தை ஒப்பிட முடியாது. எதை எடுத்து வைப்பது என்ற வேலைமுறையை மட்டும் கற்றுக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை.

இன்னொரு கவலை, எல்லாமே தொலைபேசியில் கிடப்பது. கெய்ரோவின் பென் எஸ்ரா சினகாக்கில் பழைய தாளைத் தூக்கி எறியாமல் ஓர் அறையில் போட்டு வந்தார்கள். சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் 1897இல் அங்கிருந்து கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனது ஏறக்குறைய 2 லட்சம் துண்டுகள். வியாபாரிகளின் கடன் சண்டையும் குடும்பக் கடிதமும் அதில் உண்டு. அந்தத் தாள்களில் பலவற்றுக்கு எண்ணூறு, ஆயிரம் வயது. 2020இல் வந்த குரல் செய்திகளைக் கேட்டால், போன் மாற்றியபோது போய்விட்டது என்று இப்போதே சொல்கிறார்கள். இன்னும் பத்து வருடம் போனால் கேட்கவே வேண்டாம். எனவே வாட்ஸ்அப் உரையாடல்களைத் தாளில் அச்சிட்டு, பெயர்களை எண்களாக்கி, 25 ஆண்டு முத்திரையிட்டு வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். குழு இன்னும் முடிவெடுக்கவில்லை.

உங்கள் பத்திரிகைக்கு இரண்டு வேண்டுகோள். முதலாவது, அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். மார்ச் 12 என்ற தேதியோடு போடுங்கள். இரண்டாவது, அந்த மாதங்களில் இந்தப் பகுதி மருத்துவமனைகளில் நர்ஸாகவும் டாக்டராகவும் சுவாச சிகிச்சையாளராகவும் இருந்த தமிழர்கள் பலர் உங்கள் வாசகர்கள். பிள்ளைகள் உள்ளே வர முடியாதபோது, யூதப் பெரியவர்களின் கட்டிலருகே போனைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். எனக்கே சிலரைத் தெரியும். அந்த அறையில் நடந்ததைச் சொல்ல அவர்களைத் தவிர ஆளில்லை. நோயாளியின் அடையாளம் எதுவும் வேண்டாம். தமிழிலேயே பேசலாம், எழுதியெடுத்து மொழிபெயர்ப்பது என் பொறுப்பு. தன் பெயரை மறைக்கச் சொன்னால் மறைப்போம், எத்தனை ஆண்டு மூடி வைக்கச் சொன்னாலும் மூடி வைப்போம். விருப்பமுள்ளவர்கள் உங்கள் அலுவலகத்துக்கு எழுதினால், தயவுசெய்து எனக்கு அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
கோமதி சங்கரன்
டீனெக், நியூ ஜெர்சி